எலும்புக்கும் உழைப்பு வேண்டும்

மாலையில் வாகனங்கள் நிறுத்தப்பட்டபின், நம் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றியும் பழைய கலங்கரை விளக்கத்தை ஒட்டியும் நடப்போரில் அறுபதைக் கடந்த பெண்கள் பலர். நல்ல வழக்கம், விட்டுவிடாதீர்கள். ஆனால் எலும்பைக் காக்க நடை மட்டும் போதாது.

எலும்பு உயிருள்ள திசு. பழையது கரைய, புதியது படிந்துகொண்டே இருக்கிறது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் படிவதைவிடக் கரைவது மிகுகிறது. இதில் வலி தோன்றாது. பலருக்கு முதல் அறிகுறியே எலும்பு முறிவுதான்.

தன்மேல் விழும் பாரத்திற்கேற்ப எலும்பு வலுப்பெறும் என்பதை ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். எடையற்ற விண்வெளியில் தங்கும் வீரர்களின் இடுப்பெலும்பு மாதத்திற்கு ஏறத்தாழ 1 விழுக்காடு அடர்த்தியை இழப்பது இதற்குச் சான்று. தட்டையான சாலையில் நடப்பதோ எலும்புக்குப் பழகிப்போன பாரம். ஆஸ்திரேலியாவில் நடந்த 'லிஃப்ட்மோர்' ஆய்வில், எலும்பு அடர்த்தி குறைந்த மூத்த பெண்கள் பயிற்றுநரின் நேரடி மேற்பார்வையில் வாரம் இருமுறை, அரைமணி நேரம், கனமான எடை தூக்கினர். எட்டு மாதங்களில் அவர்களது கீழ் முதுகெலும்பின் அடர்த்தி 2.9 விழுக்காடு உயர்ந்தது. வீட்டில் எளிய பயிற்சி செய்த குழுவினருக்கோ 1.2 விழுக்காடு குறைந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் அரிசி மூட்டையைத் தூக்க முனைய வேண்டாம்!

வீட்டில் இப்படித் தொடங்கலாம்: கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமருங்கள். சன்னல் கம்பியைப் பிடித்தபடி குதிகால்களை உயர்த்தி இறக்குங்கள். பிறகு ஒற்றைக் காலில் சில நொடிகள் நில்லுங்கள். இது தடுமாற்றத்தைக் குறைக்கும். விழாதிருப்பதும் எலும்பைக் காப்பதே. முன்பே முறிவு ஏற்பட்டவர்களும் தலைச்சுற்றல் உள்ளவர்களும் இயன்முறை மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். முதுகெலும்பு முறிந்தவர்கள் முன்புறம் வளையும் பயிற்சிகளைத் தவிர்க்கவும். கேழ்வரகு, பால், வெயில் ஆகியவை துணைநிற்கும்; உழைப்பிற்கு ஈடாகா.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். "நீங்கள் உட்காருங்கள் அம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பது அன்பின் சொல்தான். எனினும், விழுந்துவிடுவாரோ என்றஞ்சி அவரை உட்கார வைக்கும் ஒவ்வொரு மாதமும் அவரது தசையும் எலும்பும் தளர்கின்றன. அதற்குப் பதிலாகக் குளியலறையில் கைப்பிடி பொருத்துங்கள். இரவில் அங்குச் செல்லும் வழியில் விளக்கு எரியட்டும். உயரம் குறைந்திருந்தாலோ, சிறு தடுமாற்றத்திலேயே எலும்பு முறிந்திருந்தாலோ, எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா என அடுத்த வருகையின்போது மருத்துவரிடம் கேளுங்கள்.