வெள்ளியங்கிரியில் வைகறை

நுழையும்முன்

ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்த தமிழர், குறிஞ்சிக்கு யாமத்தையும் மருதத்திற்கு வைகறையையும் உரியனவாக்கினர். யாமத்தில் குறிஞ்சி நிலத்தில் ஏறத் தொடங்கி, வைகறை முடியும் வேளையில் மருத நிலத்தை மேலிருந்து காணும் மலைப்பயணம் ஒன்று கொங்குநாட்டில் இன்றும் நிகழ்கிறது.

இரவில் ஏறும் மலை

கோயம்புத்தூருக்கு மேற்கே, மேற்குத்தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக எழுந்து நிற்பது வெள்ளியங்கிரி. தென்கயிலாயம் என அடியார் போற்றும் இம்மலையின் உச்சியை அடையப் பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலைகளைக் கடக்க வேண்டும். பிப்ரவரி முதல் மே வரை வனத்துறை இசைவளிக்கிறது. கோடையில் மேல்மலைகளின் புல்வெளிகளில் ஒதுங்க நிழல் இராது; ஆகவே இரவில் ஏறுவதே பலருக்கும் வழக்கமாயிற்று.

அடிவாரத்தில் வாங்கும் மூங்கில் தடியே வழித்துணை. ஏற்றத்தில் அது ஊன்றுகோல். இறக்கத்தில்தான் அதன் முழு அருமையும் முழங்கால்களுக்குத் தெரியும். முதல் மலையின் செங்குத்தான படிகளே பலரைத் திணறச் செய்துவிடும். வெள்ளை விநாயகர் கோயிலில் அமர்ந்து, "இன்னும் ஆறு மலையா?" என்று மலைப்போர் பலர். பின்னர் வழுக்குப்பாறையும் பாம்பாட்டிச் சுனையும் கைதட்டிச் சுனையும் வருகின்றன. வழியிலுள்ள பாறையொன்றின் பெயர் பீமன் களியுருண்டை. களியுண்டு உழைத்த மக்கள் உருண்ட பாறைக்கு வேறென்ன பெயர் சூட்டியிருப்பர்!

ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 செல்சியசு குறையும். அடிவாரத்தில் வியர்த்தவர் உச்சிக் காற்றில் நடுங்குவது இதனால்தான். இம்மலையில் ஏறும்போது மூச்சுத்திணறியும் நெஞ்சுவலியாலும் உயிரிழந்தோர் உண்டு. இதயநோயும் ஆஸ்துமாவும் உடையோர் ஏற வேண்டாம் என்னும் எச்சரிக்கையை வெறும் சடங்காகக் கொள்ளலாகாது.

உச்சியில் விடியல்

கீழ்வானில் முதலில் சாம்பல் நிறம் படரும். பின்பு செம்மை ஊறும். சமவெளியில் ஊர்களின் விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருக்க, ஞாயிற்றின் விளிம்பு மேலெழும். எல்லாரும் கிழக்கையே நோக்கி நிற்கும் அவ்வேளையில் ஒருமுறை மேற்கே திரும்பிப் பார்த்தல் நன்று. மலையின் நீண்ட நிழல் கேரளத்துக் காடுகளின் மூடுபனிமீது சாய்ந்து, கதிர் உயர உயரச் சுருங்குவதைக் காணலாம். ஞாயிற்றைவிட இக்காட்சியே வியப்பு மிக்கது. மொட்டைமாடியிலிருந்து ஞாயிற்றைக் காணலாம், மலையின் நிழலைக் காண மலைமீதுதான் நிற்க வேண்டும்.

தெரியுமா?
உயரத்தில் நிற்பவருக்குத் தொடுவானம் தாழ்ந்து தோன்றும். சமவெளிக்கு மேல் 1,300 மீட்டர் உயரத்தில் இத்தாழ்வு ஏறத்தாழ ஒரு பாகை. புவி ஒரு பாகை சுழல 4 நிமிடங்கள் ஆகின்றன. எனவே கிழக்கே மறைப்பு இல்லாதவிடத்து, உச்சியில் நிற்பவர் அடிவாரத்தில் நிற்பவரைவிட ஏறத்தாழ 4 நிமிடங்கள் முன்னதாகவே ஞாயிற்றைக் காண்பார்.

ஆறு பிறக்கும் இடம்

வெளிச்சம் பரவியதும் நிலம் தெளிகிறது. காலடியில் புல்வெளி, மடிப்புகளில் சோலைக்காடு. மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சிச் சிறிது சிறிதாகக் கசியவிடுபவை இவை. இக்கசிவுகளே ஓடைகளாகிக் கூடி நொய்யலாகின்றன. பேரூர்ப் புராணம் காஞ்சிமாநதி என்று போற்றும் அவ்வாறு, கோயம்புத்தூர், திருப்பூர் வழியே ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. கொங்குநாட்டு மருதம் இம்மலைக் குறிஞ்சியிலிருந்து பிறந்தது.

பாசனத்திற்கென 1992இல் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டப்பட்டது. அதில் சாயக்கழிவு தேங்கியதும், 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட ஆணையிட்டதும் இவ்வாற்றின் அண்மைக்கால வரலாறு. சாயம் சேர்வது கீழே. ஆனால் ஊற்றுக்கண்ணிலும் தீங்கு தொடங்கக்கூடும். உச்சியில் எறியப்படும் ஞெகிழிப்புட்டி முதல் மழையிலேயே ஓடையில் இறங்கிவிடும். அடிவாரத்தில் வனத்துறையினர் ஒவ்வொருவர் பையையும் திறந்து பார்ப்பது இதற்காகவே.

வெயில் உறைக்குமுன் கூட்டம் இறங்கத் தொடங்குகிறது. மூங்கில் தடிகள் பாறைகளில் தட்டும் ஒலி ஒவ்வொரு மலையாகத் தாழ்ந்து அடிவாரக் காட்டை அடைகிறது. அடுத்த ஆண்டுக்கென அத்தடியை வீட்டுக்கு எடுத்துச் செல்வோரும் உளர்.