அம்புத் தண்டை நிமிர்த்துவது எப்படி?



"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று வீட்டில் பெரியவங்க கேட்பாங்க. பச்சைக் கம்பு வளையும், காய்ந்த கம்பு முறியும் என்பதைப் பார்த்துச் சொன்ன பழமொழி அது. ஆனால் காய்ந்த மரத்தையும் முறியாமல் வளைக்கலாம். கோணிப்போன கம்பை நேராக்கலாம். வில்வித்தைக்கு அம்பு செய்தவர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செய்துவந்த வேலை அது.

1991-ல் ஆல்ப்ஸ் மலையில், ஆஸ்திரியா–இத்தாலி எல்லைப் பனிக்குள் 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. அவனது அம்பறாத்தூணியில் 14 அம்புத் தண்டுகள் இருந்தன. அதில் முழுதாக முடிந்தவை 2 மட்டுமே! ஓர் அம்புக்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்று இதிலிருந்தே தெரியும். அமெரிக்கப் பழங்குடியினர் சிலர் கல்லில் பள்ளம் செதுக்கி, அந்தக் கல்லைச் சூடாக்கி, நாணல் தண்டை அதில் வைத்து நிமிர்த்தினார்கள். நம்ம ஊரில் சிலம்ப ஆசான்கள் மூங்கில் கம்பை நெருப்பில் வாட்டி நிமிர்த்துவதும் இதே வித்தைதான்.

மரம் ஏன் இளகுகிறது?

மரத்தை ஆர்.சி.சி. மாதிரி நினைச்சுக்குங்க. செல்லுலோஸ் இழைகள்தான் கம்பி. அவற்றைச் சுற்றியுள்ள லிக்னின்தான் சிமென்ட். ஒரு வித்தியாசம்: இந்தச் சிமென்ட் சூட்டில் இளகும். ஈரம் இருந்தால் சுமார் 100 டிகிரி செல்சியஸிலேயே இளகிவிடும். ஈரம் குறையக் குறைய இன்னும் அதிகச் சூடு வேணும். இளகிய நேரத்தில் இழைகள் ஒன்றின்மேல் ஒன்று நகர்ந்து புது இடத்தில் உட்காரும். ஆறியதும் அங்கேயே இறுகிவிடும்.

டெக்ஸ்டைல் நண்பர்களுக்கு இது புதுசல்ல. பருத்தியும் பெரும்பாலும் செல்லுலோஸ்தான். பனியன் கம்பெனி அயர்னிங் டேபிளில் முதலில் ஸ்டீம் விடுறோம், அழுத்துறோம், பிறகு வாக்குவம் போட்டு ஈரத்தையும் சூட்டையும் இழுக்கிறோம். வாக்குவம் போடாமல் ஈரத்தோடு எடுத்து மடித்தால் மறுபடி சுருக்கம்தான். அம்புக்கும் அதே விதி: சூடு காட்டுவது பாதி வேலை, ஆறும் வரை பிடித்திருப்பது மீதி வேலை. பலர் தோற்பது இந்த இரண்டாவது பாதியில்தான்.

செய்முறை

1. பச்சைக் குச்சிகளைக் கட்டாகச் சேர்த்து இறுக்கிக் கட்டி, நிழலில் காய விடுங்க. வெயிலில் போட்டால் வெடிக்கும். கட்டுக்குள் காயும்போதே பாதிக் கோணல் அடங்கிவிடும்.

2. தண்டை ஒரு கண்ணால் நீளவாக்கில் பார்த்து, மெதுவாகச் சுழற்றி, மேடான இடத்தில் பென்சில் குறி போடுங்க. பெரிய வளைவை முதலில் எடுங்க.

3. குறி போட்ட இடத்தைத் தணலின் மேல் காட்டி, சுழற்றிக்கொண்டே இருங்க. தீ ஜுவாலை வேண்டாம். கருகிய இடம் பலம் இழந்துவிடும். நன்றாகக் காய்ந்த தண்டுக்குக் கெட்டில் மூக்கு ஆவி நல்லது.

4. கைக்குத் துணி சுற்றிக்கொண்டு, வளைவுக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் அதிகமாகவே வளைங்க. விட்டதும் சிறிது திரும்பி வரும். தகடு வளைக்கும்போது ஸ்பிரிங் பேக் பார்த்திருப்பீங்களே, அதேதான்.

5. கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறும் வரை விடாதீங்க.

6. ஒரு நாள் கழித்து மறுபடி பாருங்க. திரும்பியிருந்தால் மறுபடி செய்யணும். கடைசியில் எண்ணெயோ வார்னிஷோ பூசுங்க. இல்லாவிட்டால் ஐப்பசி மழை ஈரத்தில் பழைய கோணல் தலைகாட்டும்.

சோதனை

ஒர்க்‌ஷாப்பில் இரண்டு 'வி' பிளாக் மேல் தண்டின் இரு முனைகளையும் வைத்து, நடுவில் டயல் கேஜ் நிறுத்தி, ஒரு முழுச் சுற்று சுற்றுங்க. முள் மொத்தமாக 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் நடு வளைவு 0.5 மில்லிமீட்டர்தான். மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை என்று ஒரே வளைவை டயல் இரண்டு தடவை காட்டுகிறது. வைவாவில் கேட்டால் மறந்துடாதீங்க!

இவ்வளவு கவனம் எதற்கு?

நாண் விடுபடும் கணத்தில் முழு விசையும் அம்பின் பின்முனையில் விழுகிறது. முன்முனையில் இரும்பின் கனம். நடுவில் இருப்பது மெல்லிய, நீளமான காலம். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் படித்த பக்ளிங் இங்கே நேரில் நடக்கிறது. நேரான காலமே நெளியும். ஏற்கெனவே கோணலானது இன்னும் அதிகமாக நெளியும். குறி தவறுவது சின்ன நஷ்டம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அம்பு வில்லிலேயே முறிந்து, சிம்பு வில் பிடித்த கைக்குள் பாயும். அதனால் நிமிர்த்தும்போது 'சட்' என்று சத்தம் கேட்டால் அந்தத் தண்டு அம்புக்கு ஆகாது. மர ரேகை குறுக்கே ஓடி வெளியேறும் தண்டையும் ஒதுக்கிடுங்க. எவ்வளவு பாடுபட்டு நிமிர்த்தியது என்று இரக்கம் பார்க்கக் கூடாது.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. நம் விடுதியிலும் கம்பு சுற்றுபவர்கள் இருக்கிறார்கள். முதலில் அவர்கள் கம்பில் ஒன்றை எடுத்து இந்தப் பாடத்தைச் செய்து பாருங்க. ஐம்பதிலும் வளையும், நண்பர்களே. சூடும் வேணும், ஆறும் வரை பொறுமையும் வேணும்.