போர்ட் பிளேரில் கடை விரிக்கும் முன்

2020 ஆகஸ்ட் 10-க்கு முன் இப்படியொரு பட்டியலுக்குத் தேவையே இருந்திருக்காது. அதுவரை அந்தமானின் இன்டர்நெட் செயற்கைக்கோளை நம்பியே ஓடியது. பெரிய ஃபைல் ஒன்றை அனுப்பப் போட்டுவிட்டுப் படுத்தால், விடிவதற்குள் போய்ச் சேர்ந்திருந்தால் அதிர்ஷ்டம். சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் இழுத்த கண்ணாடியிழைக் கேபிள் அன்றுதான் திறக்கப்பட்டது. செலவு 1,224 கோடி ரூபாய். போர்ட் பிளேருக்கு மட்டுமல்ல, ஹேவ்லாக், ரங்கத், கார் நிக்கோபார் வரை இணைப்பு போயிற்று. அதற்குப் பிறகுதான், பெருநகர வாடகை கட்டி மாளாத ஃப்ரீலான்சர்களும் சின்ன ஸ்டார்ட்அப்காரர்களும் இந்தப் பக்கம் பார்ப்பதில் அர்த்தம் வந்தது.

என் கட்சி இதுதான்: கேபிளில் போகிற சரக்கு உங்களுடையது என்றால், அதாவது கோடு, டிசைன், மொழிபெயர்ப்பு, கணக்கு வழக்கு என்றால், தாராளமாக வரலாம். கப்பலில் போகிற சரக்கு என்றால் நன்றாக யோசியுங்கள்.

செய்ய வேண்டியவை

வீடு பார்க்கும்போது ஜன்னலில் கடல் தெரிகிறதா என்று எட்டிப் பார்க்கும் முன் மொட்டை மாடிக்கு ஏறி சின்டெக்ஸ் தொட்டிகளை எண்ணுங்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிற ஊர்தான். ஆனால் பெய்கிற மழை மேட்டிலிருந்து நேராகக் கடலுக்கு ஓடிவிடும். நகரம் பெரிதும் நம்பியிருப்பது தனிக்காரி அணையை. மார்ச், ஏப்ரலில் அணை இறங்கினால் குழாயில் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம் என்று வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டம்மாவிடமும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் அட்வான்ஸ் கொடுக்கலாம்.

இன்வெர்ட்டர் வாங்குங்கள். இங்கே மின்சாரம் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரில் தயாராவது; சோலார் இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. மெயின்லேண்ட் கிரிட் கடல் தாண்டி வரவில்லை.

மாதச் செலவைப் புதிதாகப் போடுங்கள். 'சின்ன ஊர், செலவு கம்மி' என்ற கணக்கு இங்கே பாதிதான் சரி. வாடகையில் மிச்சம் பிடிப்பீர்கள். மீனும் தேங்காயும் கையைக் கடிக்காது. ஆனால் வெங்காயம், உருளைக்கிழங்கு, அரிசி, சிமென்ட், லேப்டாப் சார்ஜர் எல்லாம் சென்னையிலோ கொல்கத்தாவிலோ கப்பல் ஏறி வருபவை. கப்பல் பிந்தினால் அபர்தீன் பஜாரில் காய்கறி விலை ஏறிவிடும். அவசரத்துக்கு ஊருக்குப் போவதற்கான விமானக் கட்டணத்தையும் செலவில் சேருங்கள். தென்காசியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் பொதிகையில் ஏறிப் படுத்தால் காலையில் எழும்பூர். இங்கே கப்பல் என்றால் மூன்று நாள் போல ஆகும். விமானம் இரண்டு மணி நேரம்தான், ஆனால் விலை சீசனுக்குச் சீசன் குதிக்கும்.

இரண்டு நிறுவனங்களின் இணைப்பை வைத்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். தெருவில் ஒயர் அறுந்தால் இன்னொரு நிறுவனம் கைகொடுக்கும். கடலடியில் பழுது என்றால் எல்லோருக்கும் ஒரே கதிதான். அதனால் டெட்லைனுக்கு ஒருநாள் முன்பே வேலையை அனுப்பிவிடும் பழக்கம் நல்லது. கிளையண்டிடம் எங்கிருந்து வேலை செய்கிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடிகாரத்தை விட்டுவிட்டுச் சூரியனோடு எழுந்திருங்கள். கடிகாரம் இந்திய நேரம் காட்டினாலும் தீவு கிடப்பது வெகு கிழக்கே. ஜூனில் ஐந்து மணிக்கே விடிந்துவிடும். டிசம்பரில் மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டத் தொடங்கும். காலை ஒன்பதுக்குள் நாலு மணி நேர வேலை முடிகிற ஊர் இது. என்னைக் கேட்டால் அந்தமானின் உண்மையான சலுகை வாடகை அல்ல, இந்தக் காலைதான்.

கொஞ்சம் இந்தி கற்றுக்கொள்ளுங்கள். 2011 கணக்கெடுப்பில் தீவுவாசிகளில் 15 சதவீதத்தினருக்குத் தாய்மொழி தமிழ். கடைத்தெருவில் தமிழிலேயே பேரம் பேசலாம், முருகன் கோயிலும் உண்டு. ஆனாலும் வங்காளியும் தெலுங்கரும் தமிழரும் ஒரே இடத்தில் சேர்ந்தால் பேச்சு இந்திக்குப் போய்விடும். அரசு அலுவலகத்திலும் அப்படியே.

கம்பெனி பதிவு செய்வதென்றால் அது கொல்கத்தா பதிவாளரின் கீழ் வரும். ஜிஎஸ்டி எண் 35 என்று தொடங்கும். இங்கே ஓர் அட்டல் இன்குபேஷன் சென்டர் இருக்கிறது. போய்ப் பேசிப் பாருங்கள். உங்களைப் போன்ற நாலு பேரைச் சந்திக்கவாவது உதவும்.

மருத்துவக் காப்பீடு எடுத்துவிட்டு வாருங்கள். ஜி.பி. பந்த் மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் சென்னைக்குத்தான் பறக்க வேண்டியிருக்கும்.

செய்யக்கூடாதவை

காலையில் விமானம் ஏறி மதியம் சென்னையில் மீட்டிங் என்று திட்டமிடாதீர்கள். வானிலை கெட்டால் வந்த விமானமே இறங்காமல் திரும்பிவிடுவதுண்டு. விமான நிலையமும் கடற்படையின் தளத்தோடு சேர்ந்தது, அதனால் நேரம் நம் கையில் இல்லை. முந்தின நாளே போய்ச் சேருங்கள்.

கனமான, உடையக்கூடிய, கெட்டுப்போகும் பொருளை மெயின்லேண்டுக்கு விற்கும் தொழிலை இங்கே வைக்காதீர்கள்.

படம் அழகாக இருக்கிறதென்று நேராக ஹேவ்லாக்கில் வீடு பிடிக்காதீர்கள். 2018-லிருந்து அதன் பெயர் ஸ்வராஜ் த்வீப். காற்று பலமாக வீசினால் படகு ஓடாது. வங்கி வேலைக்கும் பல் வலிக்கும் போர்ட் பிளேருக்குப் படகு ஏற வேண்டும். முதல் ஆண்டு போர்ட் பிளேரிலேயே இருங்கள். 2024-ல் அதற்கும் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். விண்ணப்பப் படிவங்களில் கவனம்.

நிலம் வாங்க அவசரப்படாதீர்கள். இங்கே நில விதிகள் தனி. தரகர் பேச்சை நம்பாமல் தாசில்தார் அலுவலகத்தில் விசாரியுங்கள். தீவுவாசிகளுக்கான ஐலேண்டர் கார்டு வைத்திருப்பவருக்கு உள்ள கப்பல் கட்டணச் சலுகையும் வந்த உடனே உங்களுக்குக் கிடைத்துவிடாது.

வீடியோ எடுப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜிர்காடாங்கிலிருந்து ஜாரவா பழங்குடியினர் காப்பகம் வழியாக வண்டிகள் வரிசையாகத்தான் விடப்படும். வழியில் நிறுத்தக்கூடாது, இறங்கக்கூடாது, படம் எடுக்கவே கூடாது. பழங்குடியினரைக் காக்கும் 1956 ஒழுங்குமுறை இன்றும் நடப்பில் உள்ள சட்டம். வட சென்டினல் தீவைச் சுற்றி ஐந்து கடல் மைலுக்குள் போக யாருக்கும் அனுமதியில்லை. 2025 மார்ச்சில் அங்கே போன அமெரிக்கர் ஒருவரைக் கைது செய்தார்கள். அவரும் வீடியோ எடுக்கிறவர்தான். டிரோன் பறக்கவிடுவதற்கும் முன் அனுமதி வேண்டும்.

கடற்கரையில் பொறுக்கிய சங்கும் பவளமும் வைத்து இன்ஸ்டாகிராம் கடை திறக்கலாம் என்று தோன்றும். தோன்ற விடாதீர்கள். பவளமும் பலவகைச் சங்குகளும் 1972 வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. விமான நிலையத்திலேயே பையைத் திறந்து பார்த்து எடுத்துவிடுவார்கள். வழக்கு வந்தால் அது தனிச் செலவு.