தடுப்புச் சுவருக்குள் ஒயரிங்: மூடுவதற்கு முன் ஒரு நிமிஷம்

பழைய வீட்டின் பெரிய ஹாலை ஜிப்சம் போர்டு வைத்துத் தடுத்து, இரண்டு போர்ஷனாக்கி வாடகைக்கு விடுவது இப்போ சகஜம். செங்கல் சுவர் மாதிரி காடி வெட்டுற வேலை இல்லை, உள்ளே ஜி.ஐ. சட்டமும் காற்றும்தான். "அப்போ ஒயரை அப்படியே விட்டுடலாமே!" என்று தோன்றும். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. சட்டத்தின் ஆழம் 50 மி.மீ. என்று வைப்போம். 20 மி.மீ. பைப்பை நடுவில் கொண்டுபோனால் இரு பக்கமும் 15 மி.மீ. இடைவெளி கிடைக்கும். 12.5 மி.மீ. போர்டில் 25 மி.மீ. ஸ்க்ரூ அடித்தால் உள்ளே 12.5 மி.மீ. நீட்டும், பைப்பைத் தொடாது. பைப் ஒரு பக்கம் ஒட்டியிருந்தால்? ஸ்க்ரூ நேரே ஒயரில்தான்.

அந்த ஸ்க்ரூ ஃபேஸ் ஒயரையும் சட்டத்தையும் தொட்டால், சட்டம் முழுக்க 230 வோல்ட். அதில் மாட்டிய இரும்பு ஸ்டாண்டை ஒருவர் தொடுகிறார். உடலின் மின்தடை சுமார் 1000 ஓம் என்றால், பாய்வது 230 மில்லி ஆம்பியர். உயிரைப் பறிக்க அது போதும். ஆனால் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு பொருட்டே இல்லை, விழாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால்தான் துண்டிக்கும். சட்டத்தை எர்த்துடனும் இணைத்துவிட்டால், யாரும் தொடுவதற்கு முன்பே கசிவு எர்த்துக்குப் போய், ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும்.

அதனால் கவனிக்க வேண்டியவை:

1. சுவிட்ச் பாக்ஸிலிருந்து பைப் நேர் மேலாகவோ நேர் கிடையாகவோ போகணும். குறுக்கே சாய்த்து இழுத்தால், நாளைக்குக் காலண்டர் மாட்ட ஆணி அடிப்பவருக்கு எப்படித் தெரியும்?

2. சட்டத்தின் துளை விளிம்பு கத்தி மாதிரி. ரப்பர் புஷ் போடாமல் எதையும் நுழைக்காதீங்க.

3. லைட்டுக்கு 1.5, 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5 சதுர மி.மீ. தாமிர ஒயர் என்பது வழக்கம். சத்தம் தடுக்கக் கண்ணாடிப் பஞ்சு அடைத்தால் சூடு வெளியேறாது. ஒயர் தாங்கும் கரண்ட் பாதியாகக்கூடக் குறையலாம். அங்கே ஒரு சைஸ் கூட்டியும் போதாமல் போகலாம், கணக்குப் போட்டுப் பாருங்க.

4. சுவருக்குள் ஜாயிண்ட் கூடவே கூடாது. ஜாயிண்ட் எல்லாம் திறந்து பார்க்கக்கூடிய பாக்ஸில் மட்டும்.

5. ஒரு பக்க போர்டை அடித்து, ஒயரிங் முடித்து, மெக்கரில் 500 வோல்ட்டில் சோதித்து, 1 மெகா ஓமுக்கு மேல் காட்டினால் மட்டும் மறுபக்கத்தை மூடுங்க. மூடிய பிறகு இன்னொரு தடவை மெக்கர் வைங்க. ஸ்க்ரூ பண்ணிய சேட்டை அப்போதான் தெரியும்.

மூடுவதற்கு முன் டேப் வைத்து ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துடுங்க. அடுத்து டிரில் பிடிக்கிறவரின் உயிரை அது காப்பாற்றலாம்.