"அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன்" என்ற பதிலுக்குப் பிறகு என்ன கேட்பது?



வீட்டுப் பெரியவரிடம் "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டால், "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அது அல்லாஹ்வுக்குச் செலுத்தும் நன்றி. உடல்நிலை பற்றிய தகவல் அதில் இல்லை. பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடக் கூடாது என்ற எண்ணமும் பலரை வாய் திறக்க விடுவதில்லை.

வயதான காலத்தில் உடலின் கையிருப்பு பலம் குறைந்து, சின்னக் காய்ச்சலோ ஒரு தடுமாற்றமோ ஆளைப் படுக்கையில் தள்ளிவிடும் நிலையை 'முதுமைத் தளர்ச்சி' என்கிறோம். வயதான எல்லோருக்கும் இது வருவதில்லை. முன்கூட்டியே கண்டுகொண்டால் சத்தான உணவு, உடற்பயிற்சி, மாத்திரைகளைச் சரிபார்த்தல் ஆகியவற்றால் பலருக்கு நிலைமையைச் சீராக்க முடியும்.

இதைக் கண்டறிய 2012-இல் அமெரிக்காவில் ஜான் மோர்லி குழுவினர் ஆய்ந்து வெளியிட்ட 'ஃப்ரெய்ல்' கேள்விப்பட்டியல் உலகெங்கும் பயன்படுகிறது. அதில் ஐந்து கேள்விகள்: களைப்பு, பத்துப் படி ஏறுவதில் சிரமம், சில நூறு கெஜ தூரம் நடப்பதில் சிரமம், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நோய்கள், ஓராண்டில் 5 சதவீத எடை இழப்பு. மூன்றும் அதற்கு மேலும் இருந்தால் தளர்ச்சி; ஒன்றோ இரண்டோ இருந்தால் அதன் தொடக்கம்.

இதை அப்படியே தமிழில் எழுதிக் கேட்டால் போதுமா? போதாது. மாடியில்லாத வீட்டில் இருக்கும் நன்னிமாவிடம் படி ஏறுவதைக் கேட்டால், "நான் எங்கே ஏறுறேன்?" என்பார். எடை பார்த்தே பல வருடம் ஆகியிருக்கும்.

இதே சிக்கலை ஹரியானாவின் பல்லப்கரில் மேரி கங்குலி குழுவினர் சந்தித்தார்கள். முதியோரின் நினைவாற்றலைச் சோதிக்கும் ஆங்கிலக் கேள்விகளை இந்திக்குக் கொண்டுவந்தபோது, அங்கிருந்த பெரியவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். 'ஒரு வாக்கியம் எழுதுங்கள்' என்பதை 'உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்' என்று மாற்றினார்கள். படித்துவிட்டுக் கண்ணை மூடச் சொல்வதற்குப் பதிலாக, 'நான் செய்வதைப் பார்த்து அப்படியே செய்யுங்கள்' என்றார்கள். 1995-இல் வெளியான அந்த வடிவம் படிப்பைச் சோதிக்காமல் நினைவாற்றலைச் சோதித்தது. கேள்வியின் நோக்கத்தைக் காப்பாற்றி, வார்த்தையை மாற்றுவதுதான் சரியான தழுவல்.

நம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வீடுகளில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

1. கடந்த ஒரு மாதமாக, வழக்கமான வேலையைச் செய்யும்போதே அசந்து உட்கார்ந்துவிடுகிறீர்களா?
2. சுஜூதிலிருந்து கையூன்றாமல், பிடிமானமில்லாமல் எழ முடிகிறதா? போன வருடம் முடிந்ததா?
3. பள்ளிவாசலுக்கோ கடைத்தெருவுக்கோ நடக்கும்போது வழியில் நின்று நின்று போக வேண்டியிருக்கிறதா?
4. வளையல், மோதிரம், சட்டை, ரவிக்கை தளர்ந்துபோயினவா? (ரமளான் நோன்பில் குறைந்த எடையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)
5. எத்தனை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?

பெரியவரே பதில் சொல்லட்டும். மகனோ மருமகளோ முந்திக்கொள்ள வேண்டாம். பெண்களிடம் பெண்கள் கேட்டால் மனம் விட்டுப் பேசுவார்கள்.

ஓர் எச்சரிக்கை. இவற்றுக்கு மதிப்பெண் போடாதீர்கள். சுஜூதிலிருந்து எழ முடியாததற்கு மூட்டுவலி மட்டுமே காரணமாக இருக்கலாம். புதிய கேள்வியை முறையாகப் பயன்படுத்த, இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து, இன்னொருவர் மூலமொழிக்குத் திருப்பி எழுதி ஒப்பிட்டு, பெரியவர்களிடம் கேட்டுப் பார்த்து, மருத்துவப் பரிசோதனை முடிவோடும் பொருத்திப் பார்க்க வேண்டும். அதுவரை இவை வீட்டில் நம் கண்ணைத் திறக்கும் கேள்விகள் மட்டுமே.

'ஒரு வருடமாக மாறிவிட்டார்' என்று தெரிந்தால் தாமதிக்காதீர்கள். அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை பார்க்க வீட்டுக்கு வந்தால் அவரிடமும் சொல்லுங்கள். வரும் ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும் அத்தாவிடமும் அம்மாவிடமும் பத்து நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள்.