கவச உடை தைத்து அரசுக்கு விற்க

காஞ்சிப் பட்டில் கரையும் உடலும் சேரும் கோர்வையின் உறுதியையும் பார்த்துத் தரம் சொல்வார்கள். பிபிஇ எனப்படும் மருத்துவக் கவச உடைக்கும் முக்கியச் சோதனை துணியைச் சேர்க்கும் இடத்தில்தான். பட்டுத் தறிக்கு இதில் வேலையில்லை. துணி, நெய்யாத நான்-ஓவன் வகை. ஆனால் பிளவுஸ், யூனிஃபார்ம் தைக்கும் காஞ்சிபுரத்துத் தையற்கூடங்களுக்கு வழி உண்டு.

2020 மார்ச்சில் இந்தியாவில் இந்த உடை தயாரிப்பு ஏறக்குறைய இல்லை. மே மாதத்துக்குள் உற்பத்தி நாளொன்றுக்கு 2 லட்சத்தைத் தாண்டியது. அந்த அவசரம் இன்று இல்லை. இப்போது காகிதம் சரியாக இருப்பவருக்கே ஆர்டர்.

1. சோதனை முதலில், மிஷின் பிறகு

ஊசி போகும் இடமெல்லாம் ஓட்டை. அதன் வழியே ரத்தம் கசியாமலிருக்க, தையல்மேல் வெப்பக் காற்றில் டேப் ஒட்ட வேண்டும். கோவை சிட்ரா ஆய்வகத்தில் செயற்கை ரத்தத்தை அழுத்தத்துடன் துணியிலும் தையலிலும் செலுத்துவார்கள். மறுபக்கம் கசிந்தால் தோல்வி. இந்தியத் தரம் ஐ.எஸ். 17423. மாதிரி உடையை வெளியே டேப் ஒட்டி வாங்கி, தேறிய பிறகு டேப் ஒட்டும் மிஷினுக்குப் பணம் போடுங்கள்.

2. பதிவுகள்

குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். அது இருந்தால் மத்திய அரசு டெண்டர்களில் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டியதில்லை. உங்கள் பொருளுக்கு உரிமம் தேவையா என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. எங்கே விற்பது

மத்திய அரசு நிறுவனங்கள் ஜெம் எனும் அரசின் இணையக் கொள்முதல் தளத்தில் வாங்குகின்றன. மாநில அரசு மருத்துவமனைகளுக்கு வாங்குவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அதன் டெண்டரில் முன் அனுபவம், விற்றுமுதல் நிபந்தனைகளை முதலில் படியுங்கள். எட்டாவிட்டால், ஏற்கெனவே சப்ளை செய்யும் நிறுவனத்துக்குக் கூலிக்குத் தைத்துத் தொழில் பழகுங்கள்.

4. சலுகைகள்

மத்தியக் கொள்முதலில் 25 விழுக்காடு குறு, சிறு நிறுவனங்களுக்கு; அதில் 3 விழுக்காடு பெண்கள் நடத்துபவற்றுக்கு. பெரிய நிறுவனத்தின் குறைந்த விலையைவிட 15 விழுக்காடு வரை நீங்கள் கூடுதலாகக் கேட்டிருந்தாலும், அதே விலைக்கு இறங்கி வந்தால் ஒரு பங்கு கிடைக்கும். உள்நாட்டு மதிப்பு 50 விழுக்காடாவது இருந்தால் முதல் வகை உள்ளூர் சப்ளையராக முன்னுரிமை உண்டு. துணி ரோல் சீனாவிலிருந்து வந்தால் இந்தக் கணக்கு இடிக்கும். ஆகவே துணி பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

5. பணம்

45 நாளுக்குள் பணம் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி கேட்கச் சட்டம் இடம் தருகிறது. வட்டி கேட்டு வழக்காடும் வரை கூலி காத்திருக்காது. மூன்று மாதக் கூலியும் துணிச் செலவும் கையில் இல்லாமல் பெரிய ஆர்டரைத் தொடாதீர்கள்.

ஒரகடத்தில் மாநில அரசின் சிப்காட் நிறுவனத்தின் மருத்துவச் சாதனப் பூங்கா உருவாகிறது. வாய்ப்பு மாவட்டத்துக்குள்ளேயே வருகிறது. இந்த வாரமே மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய்க் கடன், மானியம் பற்றிக் கேளுங்கள். அதற்குமுன் ஒரு பழைய டெண்டர் ஆவணத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிடுங்கள்.