சக்கரமும் பாதையும்

நுழையும்முன்

மிதிவண்டி வாங்கச் செல்வோர் கடையில் முதலில் கேட்பது சக்கரத்தின் அளவைத்தான். சமவெளித் தார்ச்சாலைக்கும் மலையடிவாரக் கல்பாதைக்கும் ஒரே சக்கரம் பொருந்துமா? பெரிய சக்கரம் வாங்கினால் மலையேறுவது எளிதாகிவிடுமா? அறிவியல், வரலாறு, பட்டறிவு ஆகிய மூன்றின் துணையோடு இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

திண்டுக்கல் கோட்டைமலையின் உச்சியில் நின்று நோக்கினால், ஒருபுறம் சிறுமலையும் தொலைவில் பழனிமலைத் தொடரும் தெரியும். இடையே சமவெளி விரிந்து கிடக்கும். காலையில் அச்சமவெளியின் சாலைகளில் மாணவர்கள் மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்கின்றனர். விடுமுறை நாளில் அதே வண்டியைச் சிறுமலைப் பக்கம் திருப்ப விரும்பும் இளைஞரும் உளர். சாலை மாறும்போது வண்டியும் மாறவேண்டுமோ என்னும் ஐயம் அங்கேதான் எழுகிறது.

அளவு பிறந்த கதை

1870களில் மிதிவண்டியின் முன்சக்கரம் ஆளுயரத்தை நெருங்கியது. மிதிகட்டை சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தமையால், ஒரு மிதிக்கு அதிகத் தொலைவு செல்லச் சக்கரத்தைப் பெரிதாக்குவதே வழியாக இருந்தது. 1885இல் இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி சங்கிலியால் பின்சக்கரத்தை இயக்கும் வண்டியை வெளியிட்டார். பல்சக்கரங்களின் அளவை மாற்றியே வேகத்தைக் கூட்ட முடிந்ததால் சக்கரம் சிறிதாயிற்று. 1888இல் ஜான் பாய்டு டன்லப் உருவாக்கிய காற்றடைத்த டயர் அதிர்வைக் குறைத்தது.

1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில இளைஞர்கள், தடித்த டயர் கொண்ட பழைய வண்டிகளை மலைச்சரிவில் ஓட்டி விளையாடினர். அவை 26 அங்குலச் சக்கரம் உடையவை. அவ்வளவே பின்னர் மலை மிதிவண்டிக்கு வழக்கமாயிற்று. அதுவே சிறந்தது என்று எவரும் ஆய்ந்து தேர்ந்ததன்று. கையில் கிடைத்தது அதுவே. 29 அங்குலமும் 27.5 அங்குலமும் பின்னரே பரவின.

கணக்கு கூறும் உண்மை

பாதையில் 6 செ.மீ. உயரமுள்ள கல் ஒன்று கிடப்பதாகக் கொள்வோம். அதில் முட்டி நிற்கும் சக்கரத்தின்மீது 100 பங்கு எடை அழுத்துகிறது. 66 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்தை அக்கல்லின்மேல் ஏற்ற, அச்சில் கிடைமட்டமாக ஏறத்தாழ 70 பங்கு விசை வேண்டும். 74 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்திற்கு ஏறத்தாழ 65 பங்கு போதும். பெரிய சக்கரம் தடையைச் சற்றே தாழ்ந்த கோணத்தில் சந்திப்பதே காரணம்.

ஆயினும் இந்த நன்மைக்கு விலையுண்டு. ஒரே வகையில் செய்யப்பட்டவற்றுள் பெரிய சக்கரமே எடை மிகுந்தது. நின்ற நிலையிலிருந்து வேகம் பிடிக்கவும், குறுகிய வளைவில் திரும்பவும் சிறிய சக்கரமே எளிது. உயரம் குறைந்தவர்க்குப் பெரிய சக்கரத்தால் கைப்பிடி மிக உயர்ந்துவிடுவதும் உண்டு.

2012 இலண்டன் ஒலிம்பிக் ஆடவர் மலை மிதிவண்டிப் போட்டியில் 29 அங்குலச் சக்கரத்தில் சென்ற யாரோஸ்லாவ் குல்ஹவி தங்கம் வென்றார். 27.5 அங்குலச் சக்கரத்தில் சென்ற நினோ ஷூர்ட்டர் வெள்ளி பெற்றார். ஒன்றரை மணி நேரப் போட்டியின் முடிவில் இருவருக்கும் இடையே இருந்தது ஒரே நொடி!

> தெரியுமா?
> நம் ஊர்களில் பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய பழைய '28 அங்குல' வண்டியின் சக்கர விளிம்பு 635 மி.மீ. விட்டமுடையது. இன்றைய '29 அங்குல' மலை வண்டியின் விளிம்பு 622 மி.மீ. மட்டுமே. டயரையும் சேர்த்துத் தோராயமாகக் கூறப்படுவதே அங்குல அளவு. எனவே டயர் மாற்றும்போது அதன் பக்கவாட்டில் உள்ள மி.மீ. எண்ணையே நோக்க வேண்டும்.

உடலும் காற்றும்

முன்னாளில் வாடகை வண்டி எடுத்த சிறுவர், இருக்கை எட்டாமையால் சட்டகத்தின் இடையே காலை நுழைத்துக் 'குரங்கு பெடல்' ஓட்டினர். அவர்களைத் துன்புறுத்தியது சக்கரமன்று. உடலுக்கு ஒவ்வாத சட்டகமே. ஆகவே வண்டி வாங்குவோர் முதலில் சட்டகத்தின் உயரத்தைக் காணவேண்டும். இருபுறமும் காலூன்றி நிற்கையில் மேற்குழாய் உடலில் படாதிருத்தல் நன்று. மிதிகட்டை கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்க வேண்டும்.

அடுத்தது டயர். கல்பாதையில் அகன்ற டயரில் காற்றைச் சிறிது குறைத்தால் அது கற்களைத் தழுவிச் செல்லும், பிடிப்பு மிகும். அளவுக்கு மீறிக் குறைத்தாலோ, கல்லுக்கும் விளிம்புக்கும் இடையே டியூப் நசுங்கிக் கிழியும். தார்ச்சாலையில் காற்றுச் சற்று மிகுந்திருத்தல் நலம். நம் சமவெளியில் நெருஞ்சியும் சீமைக் கருவேலமும் எச்சக்கரத்தையும் விட்டுவைப்பதில்லை. பஞ்சர் ஒட்டும் பொருளும் காற்றடிக்கும் பம்பும் உடன் இருக்கட்டும்.

மலையில் இறங்கும்போது

சிறுமலைச் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறுவதில் களைப்பு உண்டு, ஆபத்து இறங்குவதில்தான். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். முன் பிரேக்கை மட்டும் இறுகப் பிடித்தால் வண்டி குப்புறக் கவிழும். இரண்டையும் மெல்ல அழுத்துவதே முறை. கரடுமுரடான சரிவில் உடலைப் பின்னே சாய்த்து, கையையும் காலையும் இறுக்காமல் வைத்தல் வேண்டும். தலைக்கவசம் இன்றியமையாதது. காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் இசைவின்றிச் செல்லலாகாது. அஞ்சத்தக்க இடத்தில் இறங்கி வண்டியைத் தள்ளிச் செல்வது இழிவன்று, அறிவு.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி கற்றனர். பெண்களுக்கான வண்டி போதாதபோது ஆண்கள் வண்டியிலேயே ஓட்டினர். சக்கர அளவு பயணத்தின் வசதியைச் சிறிது மாற்றும் என்பது மெய்யே. பயணத்தைத் தொடங்கி வைப்பதோ ஓட்டுபவரின் துணிவும் பயிற்சியுமே ஆகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் மிதிவண்டி டயரில் அச்சிட்டுள்ள எண்களைக் குறித்துவந்து, அவை உணர்த்தும் பொருளை வகுப்பறையில் விளக்குக.
2. உங்கள் ஊரிலிருந்து பள்ளி வரையுள்ள பாதையின் தன்மையை ஆராய்ந்து, அதற்கேற்ற மிதிவண்டி எது எனக் காரணங்களுடன் ஒரு பக்க அளவில் எழுதுக.